ஒரே இணைப்பு, மூன்று கணினிகள்: கோளாறு கம்பத்திலா, வீட்டுக்குள்ளா?

உங்கள் கடிதத்தில் எழுதியிருப்பது இது: கீழக்கரையில் பழைய வீட்டின் மேல் புதிதாக மாடி எடுத்திருக்கிறீர்கள். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) ஃபைபர் இணைப்பு ஒன்று இருக்கிறது. அதன் பெட்டி கீழே முன்னறையில். தங்கை அலுவலக வேலை பார்க்கும் கணினியும் அங்கேயே. மாடியில் மகனுக்கு ஒரு கணினி, பின்கட்டில் வாப்பாவின் மடிக்கணினி. மாடிக்கு வைஃபை எட்டாததால் முன்னறைப் பெட்டியிலிருந்து கேபிள் இழுத்துப் பழைய ரவுட்டர் ஒன்றை அங்கே மாட்டினீர்கள். அன்று முதல் காலையில் நெட் கிடைத்த கணினிக்கு மாலையில் கிடைப்பதில்லை, அணைத்துப் போட்டால் சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லை. இதை வைத்து நீங்கள் கேட்டவை மூன்று: மூன்று கணினிகள் என்றால் வேகம் மூன்றாகப் பிரிந்துவிடுமா, இணைப்புக் கொடுத்தவர் சொல்வதுபோல் இன்னொரு இணைப்பு வாங்கத்தான் வேண்டுமா, பக்கத்துச் சாச்சா வீட்டுக்கும் இதையே கொடுக்கலாமா. ஆனால் இந்த மூன்றுக்கும் அடியில் கிடக்கும் கேள்வி ஒன்றுதான்: கோளாறு தெருக் கம்பத்திலிருந்து வரும் இணைப்பிலா, வீட்டுக்குள்ளா? வீட்டுக்குள்தான் என்று நினைக்கிறேன். எதை உறுதியாகச் சொல்கிறேன், எதை ஊகமாகச் சொல்கிறேன் என்பதை அந்தந்த இடத்திலேயே பிரித்துக் காட்டிவிடுகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கரையோர ஊர்களில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் நெட்வொர்க் வேலை செய்துவருகிறேன். தொடக்கம் 2001இல், இராமநாதபுரத்தில் நான் நடத்திய சின்னப் பிரவுசிங் சென்டர். தொலைபேசி இணைப்பு ஒன்று, நொடிக்கு 56 கிலோபிட் மோடம் ஒன்று, கணினிகள் ஆறு. 1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இணைப்பைப் பகிரும் வசதி இருந்தது. மோடம் மாட்டிய கணினி மற்ற ஐந்துக்கும் வாசலாக நிற்கும். அந்த ஒரு கணினி உறைந்துபோனால் ஆறு நாற்காலிகளிலிருந்தும் ஆறு பேர் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த வாசல்காரர் வேலையை இன்று ரவுட்டர் பார்க்கிறது; உங்கள் முன்னறைப் பெட்டி செய்வதும் அதைத்தான். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பகிரும் அந்தப் பழைய முறை இன்றைய விண்டோஸிலும் இருக்கிறது. யாராவது உங்களுக்கு அதைப் பரிந்துரைத்தால், மற்றவர்களுக்கு நெட் வேண்டிய நேரமெல்லாம் அந்த முதல் கணினி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மறுத்துவிடுங்கள்.

பகிர்தல் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் வீட்டுக் கோளாறு தானாகவே விளங்கும். வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லாத காலத்தில் விசிட்டிங் கார்டில் எண்ணுக்குப் பக்கத்தில் பி.பி. என்று அச்சடித்திருப்பார்கள். எண் பக்கத்து வீட்டுக்காரருடையது. யார் வேண்டும் என்று அழைப்பவர் சொன்னால் அவர் போய்க் கூப்பிட்டு வருவார். உங்கள் ரவுட்டர் செய்வது ஏறக்குறைய அதுதான். வெளியுலகுக்கு உங்கள் வீடு முழுவதற்கும் ஒரே முகவரி. உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் 192.168 என்று தொடங்கும் தனி முகவரி. எந்தக் கணினி வெளியே எதைக் கேட்டது என்று ரவுட்டர் குறித்து வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் கேட்டவரிடமே கொண்டுபோய்க் கொடுக்கிறது. இணைய முகவரி முறையான ஐபியில் நாம் இன்றும் பெருமளவு நம்பியிருக்கும் நான்காம் பதிப்பில் மொத்த முகவரிகள் ஏறத்தாழ 430 கோடிதான். உலகத்துக்கு அது போதாது என்பது முன்பே தெரிந்துவிட்டதால், 192.168 என்றும் 10 என்றும் தொடங்கும் வரிசைகள் உட்பட மூன்று தொகுதிகளை உள்புழக்கத்துக்கென்று 1996இல் ஒதுக்கி வரையறுத்தார்கள். உங்கள் வீட்டிலும் 192.168.1.5 இருக்கலாம், என் வீட்டிலும் இருக்கலாம். தெருவுக்கு இரண்டு முத்துலட்சுமிகள் இருப்பதுபோல, அவரவர் வீட்டுக்குள் கூப்பிடும்வரை குழப்பமில்லை.

அந்த உள்முகவரியைக் கணினி தானே வைத்துக்கொள்வதில்லை. கேபிளைச் செருகியதும் அல்லது வைஃபையில் சேர்ந்ததும், முகவரி கொடுப்பவர் யார் என்று வீடு முழுவதற்கும் கேட்கும்படி அது குரல் கொடுக்கிறது. டிஎச்சிபி என்ற பணியைச் செய்யும் பெட்டி எதுவோ அது பதில் சொல்கிறது: இது உன் முகவரி, வெளியே போக வேண்டுமானால் வாசல் இது. முதலில் வந்த பதிலைக் கணினி நம்பி வாங்கிக்கொள்கிறது. பதில் சொல்ல ஒருவர் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். நீங்கள் மாடியில் மாட்டிய பழைய ரவுட்டரும் ஒரு காலத்தில் வேறொரு இணைப்புக்கு வாசல்காரராக இருந்ததுதான். அந்த வேலையை விட்டுவிடச் சொல்லி அதனிடம் யாரும் சொல்லவில்லை. அதனால் இப்போது உங்கள் வீட்டில் முகவரி கொடுக்க இரண்டு பேர். முன்னறைப் பெட்டி முந்திக்கொண்டால் அந்தக் கணினிக்கு நெட் வரும். மாடி ரவுட்டர் முந்திக்கொண்டால், வாசல் நானே என்று சொல்லிவிடும். ஆனால் அதற்கு அப்பால் தெரு இல்லை. கொடுத்த முகவரிக்குக் கெடு உண்டு. கெடு தீரும்போதும் கணினியை அணைத்துப் போடும்போதும் மறுபடி கேட்கும்; மறுபடி யார் முந்துகிறாரோ அவர் வாசல். காலையில் வந்தது மாலையில் வராததற்கும், அணைத்துப் போட்டால் சில நேரம் மட்டும் சரியாவதற்கும் இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இதில் உறுதியான பகுதி, ஒரே வலையில் (நெட்வொர்க்கில்) டிஎச்சிபி இரண்டு இருந்தால் இப்படித்தான் ஆகும் என்பது. உங்கள் வீட்டில் நடப்பது அதுவே என்பது ஊகம். நீங்கள் எழுதிய அடையாளங்களை வைத்துச் செய்த வலுவான ஊகம். மாடி ரவுட்டரின் எந்தத் துளையில் கேபிளைச் செருகினீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. ஒரே நிறத்தில் வரிசையாக இருக்கும், வீட்டுக் கருவிகளுக்கான லேன் (LAN) துளைகளில் ஒன்று என்றால் மேலே சொன்னதுதான். நிறம் வேறாக, வான் (WAN) அல்லது இன்டர்நெட் என்று எழுதிய தனித் துளை என்றால் கதை சற்று மாறும். அப்போது மாடிக்குத் தனி வலை உண்டாகிறது, பி.பி. எண் கொடுத்த வீட்டுக்குள்ளேயே இன்னொரு பி.பி. மாதிரி. இரண்டு வலைகளின் முகவரி வரிசைகள் வேறாக இருந்தால் நெட் என்னவோ வரும், ஆனால் கீழே இருக்கும் கணினிகளிலிருந்து மாடிப் பிரிண்டர் தெரியாது. இரண்டும் ஒரே 192.168.1 வரிசையாக இருந்தாலோ, வாசலின் இரு பக்கமும் ஒரே தெருப் பெயர் எழுதிய நிலையில் ரவுட்டர் எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரியாமல் நின்றுவிடும்.

ஊகத்தை உறுதியாக்கக் காசு செலவில்லை. நெட் நன்றாக வரும்போது ஒரு கணினியின் நெட்வொர்க் அமைப்புகளைத் திறந்து, வாசல் எது என்று காட்டும் டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் இருக்கும் எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நெட் போன நேரத்தில் அதே கணினியில் அதே வரியை மறுபடி பாருங்கள். எண் மாறியிருந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. இரண்டு பெட்டிகளும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் உட்கார்ந்திருந்தால், அப்படியும் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், எண் மாறாது. அந்த நிலையில் மாடி ரவுட்டரின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் போட்டு, இரண்டு நாள் பொறுத்திருந்து பாருங்கள். கீழே இருக்கும் கணினிகளில் தொந்தரவு அறவே நின்றுவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

சரிசெய்வது அரை மணி நேர வேலை. மாடி ரவுட்டரை வலையிலிருந்து கழற்றி, தனியாக ஒரு கணினியோடு மட்டும் கேபிளால் இணைத்து, அமைப்புகளை மாற்றும் அதன் நிர்வாகப் பக்கத்தைப் பிரவுசரில் திறங்கள். பின்புறம் ஒட்டியிருக்கும் சீட்டில் முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். பழைய கடவுச்சொல் மறந்துபோயிருந்தால் ரீசெட் துளையில் ஊசியை விட்டுப் பத்து நொடிக்கு மேல் அழுத்துங்கள். உள்ளே ஆக்சஸ் பாயிண்ட் என்ற முறை (வாசல் வேலையை விட்டுவிட்டு வைஃபையை மட்டும் பரப்புவது) இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான வேலையை அதுவே முடித்துவிடும். இல்லாவிட்டால் கையால் செய்ய வேண்டியவை இரண்டு. முதலில் அதன் சொந்த லேன் முகவரியை மாற்றுங்கள். கீழ்ப்பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.254 கொடுங்கள், பலர் 192.168.1.2 என்று வைப்பார்கள், ஆனால் சில பெட்டிகள் கணினிகளுக்கு முகவரி கொடுப்பதையே 2இலிருந்துதான் தொடங்குகின்றன, அப்போது புதிய மோதல் ஒன்றை நாமே உண்டாக்கியதாகிவிடும். கீழ்ப்பெட்டியின் டிஎச்சிபி பக்கத்தில் வழங்கும் வரிசையை 100 முதல் 200 வரை என்று குறுக்கிவிட்டால் முழு நிம்மதி. முகவரியை மாற்றிச் சேமித்ததும் பக்கம் அறுந்துபோகும். பயப்படாமல் புதிய முகவரியில் மீண்டும் நுழைந்து, டிஎச்சிபியை அணைத்துச் சேமியுங்கள். அதன்பின் கீழ்ப்பெட்டியின் லேன் துளையிலிருந்து வரும் கேபிளை மாடி ரவுட்டரின் லேன் துளையில் செருகுங்கள். ஆக்சஸ் பாயிண்ட் முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு எந்தத் துளையானாலும் பெரும்பாலும் சரி. கையால் செய்தவர்கள் வான் துளையைத் தொடவே கூடாது. கீழ்ப்பெட்டியில் ஒரு துளை டிவிக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கவும் கூடும். எல்லாம் சரியாகச் செய்தும் நெட் வராவிட்டால் பக்கத்துத் துளைக்கு மாற்றிப் பாருங்கள்.

இனி வேகம். மூன்று கணினிகள் இருப்பதால் 100 எம்பிபிஎஸ் 33 ஆகிவிடாது. சும்மா இருக்கும் கணினி எதையும் எடுத்துக்கொள்வதில்லை. இருவர் ஒரே நேரத்தில் பெரிய கோப்புகளை இறக்கினால் மட்டும் பங்கு போடுவார்கள். அந்தப் பங்கும் சமமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. எச்.டி. தரத்தில் ஒரு வீடியோவுக்கு ஏறத்தாழ 5 எம்பிபிஎஸ் போதும், வீடியோ அழைப்புக்கு அதைவிடக் குறைவு. உங்கள் மூன்று பேருக்கு 100 தாராளம். முன்னறைக் கணினியில் படத்தை இறக்கும்போது 12 என்றுதான் காட்டுகிறது, மீதி எங்கே போனதோ என்றும் எழுதியிருந்தீர்கள், எங்கும் போகவில்லை. திட்டத்தில் சொல்வது மெகாபிட், இறக்கும்போது திரையில் காட்டுவது மெகாபைட்; எட்டு பிட் ஒரு பைட் என்பதால் 100 மெகாபிட்டும் 12.5 மெகாபைட்டும் ஒன்றே. உங்கள் இணைப்பு முழு வேகத்தில் வருகிறது என்பதற்கு அந்த 12 என்ற எண்ணே சாட்சி. இணைப்புக் கொடுத்தவரிடம் இதைச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் மட்டும் வேகம் விழுந்தால் திட்டத்தின் டேட்டா வரம்பு தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது வேறு கணக்கு.

தங்கையின் அலுவலக அழைப்பில் குரல் வெட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் இறக்கும் வேகம் அல்ல, ஏற்றும் வேகம். வீட்டுக்கு வந்த கைப்பேசிகள் வைஃபையைக் கண்டதும் அன்று எடுத்த படங்களையும் வீடியோக்களையும் மேலே ஏற்றத் தொடங்கும். ஒரு கல்யாணம் முடிந்து வந்த ராத்திரியில் ஐந்து கைப்பேசிகள் இதைச் செய்தால் ரவுட்டர் வாயிலில் வரிசை நீண்டுவிடும். சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகவேண்டிய குரல், மீன் லாரிகளுக்குப் பின்னால் சிக்கிய சைக்கிள் மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் வேகச் சோதனை செய்தால் இறங்கும் எண் நன்றாகவே காட்டக்கூடும், அதனால் எல்லோரும் ஏமாந்துபோகிறார்கள். கைப்பேசிகளின் படச் சேமிப்பை இரவு உறங்கும் நேரத்துக்கு மாற்றுங்கள். ரவுட்டரில் கருவிவாரியாக வரம்பு வைக்கும் வசதி இருந்தால் ஏற்றும் வேகத்துக்கு வரம்பு வையுங்கள்.

வைஃபை விஷயத்தில் உங்கள் பழைய வீடே ஒரு கட்சி. பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய அந்தக் காலத்துச் சுவர்கள் ஒரு முழத்துக்குக் குறைவாக நான் பார்த்ததில்லை. கோடையில் உள்ளே குளிர்ச்சியாக இருப்பதற்கு அந்தத் தடிமன்தான் காரணம், வைஃபை பின்கட்டுக்குப் போகாததற்கும் அதுவே காரணம். மாடித் தளத்தின் கான்கிரீட்டுக்குள் கம்பி வேறு இருக்கிறது. வைஃபை அலைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் 2.4 கிகாஹெர்ட்ஸைவிட நோஞ்சான்; முன்னறையில் இருப்பவருக்கு முதலாவது, பின்கட்டுக்கு இரண்டாவது. பெட்டி டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நடைபாதைப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் மாற்றுங்கள். அதற்காக ஃபைபர் கேபிளைச் சன்னல் மூலையில் கூர்மையாக மடித்துவிடாதீர்கள், மடிப்பில் ஒளி கசிந்து இணைப்பே பலவீனப்படும். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (வைஃபை பேசும் தடங்கள்) 1, 6, 11 என்ற மூன்று மட்டுமே. சுவரோடு சுவர் ஒட்டிய உங்கள் தெருவில் இருபது ரவுட்டர்களாவது ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருக்கும். கீழ்ப்பெட்டிக்கு 1, மாடிக்கு 11 என்று பிரித்து வையுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரே சேனலில் காற்றில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். சிக்னல் மங்கிய பின்கட்டு மடிக்கணினி ஒரே செய்தியை முன்னறைக் கணினியைவிடப் பல மடங்கு நேரம் எடுத்து மெதுவாகச் சொல்லும். அது சொல்லி முடிக்கும்வரை மற்றவர்கள் வாய்மூடிக் காத்திருக்க வேண்டும். அதாவது வாப்பாவின் மடிக்கணினி மெதுவாக இருப்பது அவருடைய பிரச்சினை மட்டுமில்லை, வீட்டுக்கே பிரச்சினை. கடைகளில் விற்கும் சுவர்ப் பிளக் ரிப்பீட்டரை இதற்காக வாங்காதீர்கள். பெரும்பாலும் கேட்டதை அதே சேனலில் திருப்பிச் சொல்வதால் அது வேகத்தில் ஏறத்தாழப் பாதியைத் தின்றுவிடும். இடம் மாறாத கணினிகள் எல்லாவற்றுக்கும் கேபிள் இழுத்துவிடுங்கள். தங்கைக்கும் மகனுக்கும் கேபிள் போய்விட்டால் காற்று முழுவதும் கைப்பேசிகளுக்கும் வாப்பாவுக்கும் மிஞ்சும். துளைகள் போதாவிட்டால், ஒரு கேபிளைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஐந்து துளை நெட்வொர்க் சுவிட்ச் ஒன்று வாங்குங்கள். அதற்கு முகவரி கொடுக்கும் ஆசையெல்லாம் கிடையாது, மாட்டினால் மாட்டியபடி வேலை செய்யும்.

கேபிளில்தான் நம் கரையோரத்துக்கென்று தனிக் கஷ்டம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் மண்டபம் என்ற ஊரில் ஒரு வீட்டுக்குப் போனேன். கடலிலிருந்து கூப்பிடு தூரம். 300 எம்பிபிஎஸ் இணைப்பு. பெட்டிக்குப் பக்கத்தில் 300 வருகிறது, மாடியில் கேபிள் மாட்டிய கணினியில் 94க்கு மேல் ஏறுவதில்லை. இணைப்பு நிறுவனத்தோடு இரண்டு மாதம் சண்டை போட்டிருக்கிறார்கள். மாடிச் சன்னலோரத்தில் செருகியிருந்த ஆர்ஜே-45 முனையைக் கழற்றிக் கைவிளக்கில் காட்டினேன்: எட்டு ஊசிகளில் இரண்டின் பொன்பூச்சு போய்ப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. கச்சான் காற்று அந்தச் சன்னல் வழியாகத்தான் உப்பைக் கொண்டுவந்து கொட்டும். கிகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு போதும். மீதி நான்கில் ஒன்று செத்தாலும் இரு முனைகளும் தமக்குள் பேசிக்கொண்டு பெரும்பாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். பார்ப்பவருக்கு எதுவும் அறுந்ததாகத் தெரியாது. முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்ய (புது முனையை அழுத்திப் பொருத்த) ஐந்து நிமிடம் ஆனது, சண்டைக்கு இரண்டு மாதம் ஆனது. உங்கள் திட்டமே 100 என்பதால் இன்றைக்கு இது உங்களைக் கடிக்காது, நாளை திட்டத்தை உயர்த்தினால் நினைவு வரட்டும்.

ஆகவே கேபிள் வாங்கும்போது கேட்-6 ரகம், முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைவாக இருப்பவற்றில் அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியிருப்பார்கள். முனையில் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். உப்புக்காற்றில் அது சீக்கிரம் பொடிந்துவிடும். சுவருக்கு வெளியே போகும் பகுதிக்கு வெயில் தாங்கும் கறுப்புத் தோலுள்ள வெளிப்புறக் கேபிள். சுவர்த் துளைக்குள் நுழையும் முன் கேபிளைத் தொங்கலாக ஒரு வளைவு விட்டு நுழைத்தால் ஐப்பசி மழையில் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராமல் வளைவிலேயே சொட்டிவிடும். இரு முனையிலும் ஒரு முழம் மிச்சம் விடுங்கள், களிம்பு ஏறும்போதெல்லாம் வெட்டிக் கிரிம்ப் செய்ய இடம் வேண்டும். மொத்த நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டுக்குள் அது ஒரு தடையே இல்லை.

சாச்சா வீட்டுக்குக் கொடுப்பது பற்றி. தொழில்நுட்பத்தில் முடியும், ஆனால் செம்புக் கேபிளை இரண்டு வீடுகளுக்கு நடுவில் கட்டாதீர்கள். இரண்டு வீட்டுக்கும் தனித்தனி மின் இணைப்பு, தனித்தனி எர்த். அவற்றுக்கிடையில் மின்னழுத்த வேறுபாடு இருந்தால் கேபிள் வழியாக மின்சாரம் ஓடக்கூடும். பக்கத்தில் இடி இறங்கினால் இரு வீட்டுப் பெட்டிகளும் சேர்ந்து போகும். நடுவில் ஃபைபர் இழுத்து, ஒளியையும் மின்சமிக்ஞையையும் ஒன்றுக்கொன்று மாற்றித்தரும் மீடியா கன்வெர்ட்டரை இரு முனையிலும் வைப்பதே சரி. கண்ணாடி மின்சாரம் கடத்தாது. ஆனால் தாங்குவதற்காக எஃகுக் கம்பி சேர்த்த ஃபைபரும் உண்டு, அந்தக் கம்பியை இரண்டு வீட்டுக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது. அனுமதி விஷயம் தனி. வீட்டு இணைப்பை வெளியாருக்கு, அதிலும் காசு வாங்கிக்கொண்டு, கொடுப்பதைப் பெரும்பாலான திட்டங்கள் அனுமதிப்பதில்லை. உங்கள் ஒப்பந்தத் தாளில் எழுதியிருப்பதுதான் முடிவு, அதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். காசுக்கு வைஃபை கொடுக்க முறையான வழி வேண்டும் என்பவர்களுக்காகவே பிஎம்-வாணி என்ற ஏற்பாட்டுக்கு 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

சொந்தச் சாச்சாதானே என்றாலும் ஒன்றை யோசியுங்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இரண்டு வீடும் ஒரே முகவரி, அது உங்கள் பெயரில். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன் செய்தி நிறுவனங்களுக்கு வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஒருவரின் பூட்டாத வைஃபை வழியாகப் போயிருந்தது. அவருக்கும் அந்தச் செயலுக்கும் தொடர்பில்லை என்றாலும் காவல்துறை முதலில் போய் நின்றது அவர் வாசலில். வைஃபைக்கு டபிள்யூபிஏ2 அல்லது அதற்கு மேற்பட்ட பூட்டு, பன்னிரண்டு எழுத்துக்குக் குறையாத கடவுச்சொல், நிர்வாகப் பக்கத்துக்கு அதிலிருந்து வேறான கடவுச்சொல். இரண்டு பெட்டிகளுக்கும் இதைச் செய்யுங்கள். கீழே பூட்டிவிட்டு மாடியைத் திறந்து வைத்திருக்கும் வீடுகள் நிறைய.

மின்வெட்டு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கப் போகிறீர்கள். பெட்டிக்கு மட்டும் சின்ன யுபிஎஸ் வாங்கினால், கரண்ட் போனதும் மாடி ரவுட்டர் செத்து மாடி மட்டும் இருளும். சுவிட்சுக்கும் அதே கதை. மூன்றையும் இன்வெர்ட்டர் பிளக்கில் கொண்டுவாருங்கள். அடாப்டர்களை மாற்றி மாட்டாதீர்கள். என் வீட்டிலேயே 12 வோல்ட் பெட்டிக்கு 9 வோல்ட் அடாப்டரைச் செருகிவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது தானாக அணைந்து எழுவதை வைரஸ் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேடியவன் நான். இப்போது ஒவ்வொரு அடாப்டரின் வாலிலும் பெயர் எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன்.

இன்னொரு இணைப்பு வாங்கலாமா என்பதற்கு வருகிறேன். மேலே சொன்னவை எதற்கும் இன்னொரு இணைப்பு மருந்தாகாது; பெட்டி ஒன்று கூடும், குழப்பமும் கூடும். தங்கையின் வேலை ஒரு மணி நேரம்கூட நிற்கக் கூடாதது என்றால் மட்டும் இரண்டாவதற்கு நியாயம் உண்டு, அதுவும் வேறு நிறுவனத்திடமிருந்து, வேறு கம்பத்தின் வழியாக வருவதாக இருக்க வேண்டும். ஒரே கம்பத்தில் தொங்கும் இரண்டு கேபிள்களும் புயலில் ஒரே நேரத்தில் விழும். அவசரத்துக்குக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் போதும் என்பதே என் எண்ணம். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் மட்டும் கோளாறு உங்கள் வீட்டு வலையில் இல்லை, ஃபைபரில் என்று எடுத்துக்கொண்டு இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். பெட்டியில் செருகியிருக்கும் ஃபைபர் கேபிளின் பச்சை முனையை நீங்கள் கழற்றிக் கண்ணில் வைத்துப் பார்க்காதீர்கள், உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

மாடி ரவுட்டரின் டிஎச்சிபியை அணைத்து, லேன் துளைக்கு மாற்றி, இரண்டு நாள் பாருங்கள். அதற்குப் பிறகும் நெட் விட்டுவிட்டு வந்தால், மூன்று கணினிகளிலும் ஐபி முகவரி, டீஃபால்ட் கேட்வே என்ற இரண்டு வரிகளையும், அந்த நேரத்தில் முன்னறைப் பெட்டியில் எந்தெந்த விளக்கு எந்த நிறத்தில் எரிந்தது என்பதையும் எழுதுங்கள். மாடி ரவுட்டரின் பின்புறப் படம் ஒன்றும் வேண்டும், கேபிள் செருகிய நிலையில்.